அளந்து பாத்தனீங்களோ?

"கார்ட் போயிட்டுது" எண்டு சொல்ல ஒரு செக்கன் போதும். கேம் விளையாடேக்க படம் விக்கி விக்கி ஓடுது, ஃபான் ஹெலிகொப்டர் மாதிரி இரையுது, கொஞ்ச நேரத்தில திரை கறுத்து மெசின் தானா நிக்குது. பெட்டியைத் தூக்கி மோட்டச்சைக்கிளில வைச்சுக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனால், பக்க மூடியைக்கூடக் கழட்டாமல் தீர்ப்பு வந்துவிடும். கிராபிக்ஸ் கார்ட் போயிட்டுது, புதுசு போடுங்கோ, பழசைத் தாறதெண்டால் ஏதோ பாத்துக் குறைச்சு விடுறம். இப்படிச் சாகடிக்கப்படுகிற கார்டுகளில கனக்க உயிரோடதான் இருக்கு என்பது எங்கட கருத்து. அதைக் கண்டுபிடிக்க எஞ்சினியரிங் படிச்சிருக்கவும் தேவையில்லை.

நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம். வரலாறு, தமிழ், மெய்யியல், ஊடகக் கற்கை எண்டு ஆளுக்கொரு திசை. கம்பசுக்குக் கிட்ட வாடகைக்கு எடுத்த அறையில நாலு பேருக்கும் பொதுவா ஒரு மெசின் இருக்கு. அதில கிடக்கிறது செகண்ட் ஹாண்டில வாங்கின ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். கேம் விளையாடத்தான் வாங்கினது என்று வீட்டில் சொல்லவில்லை; சொல்லாததற்கும் காரணம் இருக்கு. ஏனெண்டால் பகலில அந்த மெசின் உழைக்குது. எங்களில ஒருத்தி கலியாண வீட்டு வீடியோ எடிட் பண்ணித்தான் தன் வாடகைப் பங்கைக் கட்டுறாள். இன்னொருத்தன் குறும்படங்களுக்கு உபதலைப்பு போடுறான். கடையில சொன்ன புதுக் கார்டின் விலை எங்கட மூண்டு மாச அறை வாடகை. ஆகவே "போயிட்டுது" என்ற சொல்லை நாங்கள் சும்மா ஏற்றுக்கொள்ள ஏலாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இந்தக் கார்டுக்கு நிறுவனம் குறித்த மின்வலு 125 வாட். பெரிய கார்டுகள் வேற உலகம்; ஆர்டிஎக்ஸ் 3080க்கு 320 வாட், 4090க்கு 450 வாட். கார்ட் இழுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுது. படம் வரைகிறது, நிழல் போடுகிறது எல்லாம் நடந்து முடிய மிஞ்சுவது சூடுதான். அதாவது பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பை விடக் கூடச் சூடான ஒண்டை, காத்து வர வழியில்லாத ஒரு தகரப் பெட்டிக்குள்ள வைச்சு மணிக்கணக்கா எரிக்கிறம். அந்தச் சூட்டைச் சிப்பில இருந்து பேஸ்ட் வாங்கி, செப்புத் தகட்டுக்குக் குடுத்து, அது அலுமினியத் தகடுகளுக்குப் பரப்பி, ஃபான் அதை ஊதி வெளியில தள்ள வேணும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியில தெரிகிற அறிகுறி ஒண்டுதான். கடைக்காரர் அந்த அறிகுறியைப் பாத்துவிட்டு நேரா சிப்பைக் குற்றம் சொல்றார். காய்ச்சல் எண்டு போனவனுக்கு நாடி பிடிக்காமல் இதயம் பழுது எண்டு சொன்ன மாதிரி.

ஒரு விசயத்தை யாரும் எங்களுக்குச் சொல்றதில்லை. யூடியூப்பில கார்டுகளைச் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 பாகை செல்சியசுக்குள் இருக்கிற அறையிலதான் சோதிக்கினம். "இந்தக் கார்ட் முழு வேலையில 68 பாகை" எண்டு அவர்கள் சொன்னால் அது அந்த அறையின் கணக்கு. குளிர்விப்பான் எதுவும் சுத்தியிருக்கிற காத்தை விடக் கீழே சிப்பைக் கொண்டு போகாது. அறைக் காத்துக்கு மேல எத்தனை பாகையில் நிறுத்துது என்பதுதான் அதன் திறமை. யாழ்ப்பாணத்தில் காண்டாவனத்துக்குள்ள, சீற் போட்ட கூரைக்குக் கீழ, மத்தியானம் ரெண்டு மணிக்கு அறையே 34 பாகை. அதே கார்ட், அதே ஃபான், அதே பேஸ்ட், ஆனால் 68 இங்க 78 ஆகும். கார்டில ஒரு பிழையும் இல்லை. நாங்கள் இருக்கிற இடம் அப்பிடி. பெட்டிகளை வடிவமைக்கிறவர்கள் எங்கட வெக்கையை மனதில் வைச்சுச் செய்றதில்லை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டுக் கலர் லைற் எரியுற பெட்டிகளைப் பாத்தால் அது விளங்கும். அந்தக் கண்ணாடிப் பெட்டியைத்தான் இங்க எல்லாரும் ஆசைப்பட்டு வாங்குகினம், எங்களிட்டையும் அதுதான் கிடக்கு.

சரி, அளப்பம். காசு குடுக்கத் தேவையில்லாத மென்பொருட்கள் இருக்கு: ஜிபியூ-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர். இதில எது எண்டாலும் சரி. பார்க்க வேண்டியது நாலு இலக்கம். சிப்பின் வெப்பநிலை, ஹொட் ஸ்பொட் எண்டு போட்டிருக்கிற சிப்பின் மிகச் சூடான புள்ளி, ஃபானின் சுழற்சி வேகம், சிப் ஓடுகிற வேகம் மெகாஹேர்ட்சில். கேமை ஒரு இருபது நிமிசம் ஓட விட்டுப் போட்டு எழுதி வைக்க வேணும். எங்கட மெசின் காட்டினது: சிப் 87, ஹொட் ஸ்பொட் 105, ஃபான் முழு வேகம், சிப் வேகம் 1,300க்குக் கிட்ட. இந்தக் கார்டின் அடிப்படை வேகமே 1,530. அதாவது சிப் தன்னைக் காப்பாத்த வேகத்தைக் குறைச்சுக்கொண்டு இருந்திருக்கு. பல ஜிஃபோர்ஸ் கார்டுகள் 83 பாகைக்குக் கிட்ட வரேக்கயே இதைச் செய்யத் தொடங்கிவிடும். படம் விக்கினதுக்குக் காரணம் அது. செத்த சிப் தன்னைக் காப்பாத்தாது.

அடுத்தது பக்க மூடியைக் கழட்டிப்போட்டு, மேசை ஃபானை நேரா உள்ளுக்குப் பிடிச்சு அதே கேமை அதே இடத்தில ஓட்டுறது. இது கேவலமான வைத்தியம்தான், ஆனால் நல்ல பரிசோதனை. வெப்பநிலை 82க்கு இறங்கிச்சு, ஐஞ்சு பாகைதானே எண்டு தோணும். ஆனால் வேகத்தைப் பாக்க வேணும். அது 1,600க்கு ஏறியிருந்தது. சூடு ஏறினதால மெதுவாப் போன சிப்புக்குக் காத்துக் கிடைச்ச உடன அது வேகத்தைக் கூட்டும், கூட்டினால் திரும்பச் சூடு வரும், ஆகவே வெப்பநிலை மட்டும் பாத்தால் முன்னேற்றம் குறைவாத்தான் தெரியும். இதைத் தெரியாமல் "மூடியைத் திறந்தும் பெருசா ஒண்டும் மாறேல்லை, அப்ப கார்ட்தான் பழுது" எண்டு முடிவெடுக்கிற ஆக்கள் இருக்கினம். மூடி திறந்தால் நிலைமை திருந்துது எண்டால் பெட்டிக்குள்ள காத்து ஓடேல்லை என்பதுதான் அர்த்தம்.

பிறகு புழுதி. சோளகம் தொடங்கினால் எங்கட அறையில காலையில கூட்டின இடத்தில பின்னேரம் விரலால பேர் எழுதலாம். ஆனால் புழுதியை விட மோசமானது வேற ஒண்டு, அதை ஒரு வெளிநாட்டு வீடியோவிலும் நாங்கள் காணேல்லை: நுளம்புத் திரிப் புகை. அந்தப் புகையின் பிசுக்கு ஃபான் இதழ்களில ஒட்டும், அதில புழுதி ஒட்டும், ஈரக்காத்து அதைக் களியாக்கும். வெறும் ஊதலுக்கு அது போகாது. கார்டைக் கழட்டிப் பாத்தால் அலுமினியத் தகடுகளுக்கு இடையில சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஒரு படை. கையால் அமத்திற ஊதியும் பழைய பெயின்ற் பிறஷும் போதும். ஊதேக்க ஃபானை விரலால் பிடிச்சுக்கொள்ள வேணும், இல்லாட்டி அது கட்டுப்பாடில்லாமல் சுத்தி பேரிங் போகும். சைக்கிள் கடைக் கொம்பிரசரில அடிச்சு எடுக்கிற பழக்கம் இங்க இருக்கு. அந்தத் தாங்கிக்குள்ள தண்ணி நிக்கும், அது கார்டில தெறிச்சால் பிறகு கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். இந்த ஒரு மணித்தியால வேலையில் எங்கட கார்ட் 77க்கு வந்தது, வேகம் 1,800. செலவு பூச்சியம்.

ஆனால் ஹொட் ஸ்பொட் இன்னும் சரியில்லை. சிப்பின் வெப்பநிலைக்கும் அந்தச் சூடான புள்ளிக்கும் பத்துப் பதினைஞ்சு பாகை வித்தியாசம் இருக்கிறது சாதாரணம். அது இருபதைத் தாண்டி நிக்குது எண்டால் சிப்புக்கும் குளிர்விக்கிற தகட்டுக்கும் இடையில் தொடுகை சமமா இல்லை, பேஸ்ட் காய்ஞ்சு போச்சு அல்லது ஓரத்துக்கு ஒதுங்கிப் போச்சு எண்டு சந்தேகப்படலாம். எங்களுக்குப் புழுதி எடுத்த பிறகும் இருபதுக்கு மேல. ஆகவே திறந்தம். சிப்பைச் சுத்தி நாலு ஸ்பிரிங் ஸ்குறூ, அதை மூலைக்கு மூலை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக் கழட்ட வேணும். திரும்பப் பூட்டேக்கயும் அப்பிடியே. ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிப்போட்டு மற்றப் பக்கத்துக்குப் போனால் சிப்பின் விளிம்பு உடையச் சந்தர்ப்பம் இருக்கு. தகட்டைத் தூக்க முதல் ஃபானின் வயரைக் கழட்ட வேணும், அவசரப்பட்டு இழுத்தால் அது சொக்கெற்றோட வரும். பழைய பேஸ்ட் வெயிலில காய்ஞ்ச களிமண் மாதிரி வெடிச்சுக் கிடந்தது. ஐசோபுரொப்பைல் அற்ககோலும் பஞ்சும் வைச்சுத் துடைச்சு, புதுப் பேஸ்டைச் சிப்பை மூடுகிற அளவுக்குப் பூசினம்.

இங்கதான் கனபேர் வழுக்கிற இடம் ஒண்டு இருக்கு. நினைவகச் சிப்புகளுக்கு மேல மெத்தை மாதிரி ஒட்டியிருக்கிற வெப்பப் பாட். அதின் தடிப்பு முக்கியம். அரை மில்லிமீற்றர், ஒண்டு, ஒண்டரை எண்டு கார்டுக்குக் கார்ட் மாறும், ஒரே கார்டிலயே இடத்துக்கு இடம் மாறும். தடிப்பான பாட் நல்லது எண்டு நினைச்சுக் கூடின அளவைப் போட்டால் தகடு உயர்ந்து நிண்டு சிப்பைத் தொடாது, முன்னை விடச் சூடேறும். பழைய பாட் கிழியாமல் இருந்தால் அதையே விடுங்கோ. நாங்கள் விட்டம். பூட்டி ஓட்டினால் சிப் 70, ஹொட் ஸ்பொட் 82. பேஸ்டும் அற்ககோலும் ஸ்குறூட்றைவர் செற்றும் எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாவுக்குள்ள முடிஞ்சது.

இதை எழுதேக்க எங்களுக்குக் கோவம் வாற இடம் தொழில்நுட்பம் இல்லை. ஓ.எல் முடிஞ்ச கையோட ஒரு கோடு கீறி, இந்தப் பக்கம் கணிதம், விஞ்ஞானம், அந்தப் பக்கம் கலை எண்டு பிரிச்சு விட்டபிறகு, கலைப் பக்கம் நிக்கிறவை ஸ்குறூவைத் தொடக்கூடாது எண்டு ஒரு எழுதாத சட்டம் இருக்கு. கடையில "நீங்கள் என்ன ஃபாகல்ற்றி?" எண்டு கேட்டார்கள். கலைப்பீடம் எண்டதும் விளக்கம் நிண்டுபோச்சு, விலை மட்டும் வந்தது. அதிலும் அந்த மெசினை அதிகம் பாவிக்கிறவள், அறிகுறி எல்லாத்தையும் ஒழுங்காச் சொன்னவள் எங்கட தோழி. பதில் முழுக்கப் பக்கத்தில பேசாமல் நிண்ட பெடியனுக்குத்தான் சொல்லப்பட்டது. பிறகு அறையில அந்த நாலு ஸ்குறூவையும் கழட்டினது அவள்தான். எங்களில ஆருக்கும் கை நடுங்காதது அவளுக்கு மட்டும்தான். ஒரு மூலப் பிரதியை இன்னொண்டோட ஒப்பிட்டுப் படிக்கப் பழகின ஆளுக்கு, ஒரு நேரத்தில ஒரு விசயத்தை மட்டும் மாத்தி, இலக்கத்தை எழுதி, முன்னையதோட ஒப்பிடுறது புதுசில்லை. அது எங்கட பாடத்தின் வேலைதானே.

சூட்டைக் குறைக்க இன்னொரு வழி சூட்டையே உண்டாக்காமல் விடுறது. இதுக்கு ஸ்குறூவும் தேவையில்லை. எங்கட மொனிற்றர் ஒரு செக்கனுக்கு 60 தடவை மட்டும்தான் படம் மாத்தும். கார்ட் 130 படம் வரைஞ்சு குடுத்தால் மிச்சத்தைக் கண் காணாது, அதுக்குச் செலவான கறண்டும் அதால வந்த சூடும் மட்டும் மிச்சம். அமைப்பில 60க்குக் கட்டுப்படுத்தினால் முடிஞ்சது. 2021 யூலையில நியூ வேர்ல்ட் கேமின் முன்னோட்டப் பதிப்பு வந்தநேரம், மெனு திரையில படங்களுக்கு எல்லை போடாமல் விட்டதால கார்டுகள் வெறித்தனமா ஓடின; கொஞ்ச ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் அந்தக் கேமோட செத்தது அப்ப பெரிய கதை. கார்டுகளின் பற்றாசிலும் குறை இருந்தது எண்டு பிறகு தெரியவந்தது. ஆனால் ஒண்டும் நடக்காத ஒரு மெனுவுக்காக ஒரு கார்ட் முழுப் பலத்தையும் இழுக்கும் என்பது அதில இருந்து விளங்கினது.

ஆஃப்டர்பர்னரில மின்வலு எல்லையை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கோ. சிப்பின் மின் பாவனை வோல்ட்டேஜின் வர்க்கத்தோட ஏறுது. அதனால உச்சத்தில கடைசி ஐஞ்சு சதவீத வேகத்துக்கு நாங்கள் குடுக்கிற விலைதான் மிகக் கூட. அதை விட்டுக் குடுத்தால் கேமில வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஃபான் சத்தத்தில் தெரியும். எங்கட கார்ட் இந்த ரெண்டு மாற்றத்தோடயும் 63இல நிக்குது, அறை 33 பாகையா இருக்கேக்க. மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில சராசரியா 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில 66 சதவீதமும் ஏறின நாட்டில, பிறகு குறைச்சாலும், இதை ஒரு கேமர் ரகசியமா வைச்சிருக்கத் தேவையில்லை. வீட்டுக்காரஅம்மா மீற்றரைப் பாக்கிற பார்வை எங்களுக்குத் தெரியும்.

எல்லாம் சூடுதான் எண்டு சொல்லவும் வரேல்லை. விளையாடத் தொடங்கின உடன, வெப்பநிலை 60ஐக்கூடத் தொடாமல், பட்டெண்டு மெசின் நிண்டால் பவர் சப்ளையைத்தான் முதலில் சந்தேகிக்க வேணும். 2022இல பதின்மூண்டு மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டின காலத்தைத் தாண்டி வந்த பவர் சப்ளைகள் எத்தனை உள்ளுக்குக் காயப்பட்டிருக்கோ, ஆர் கண்டது. திரையில நிறப் புள்ளிகள், சதுரங்கம் மாதிரிக் கட்டங்கள், அதுவும் மெசின் குளிரா இருக்கேக்கயே வந்தால் நினைவகத்தில பிரச்சினை இருக்கலாம். அப்ப பேஸ்ட் மாத்திப் பிரயோசனம் இல்லை. இன்னும் ஒண்டு. கார்டை அடுப்பில வைச்சு வேகவைச்சால் உயிர் வரும் எண்டு ஒரு பழைய வைத்தியம் இண்டைக்கும் சுத்துது. 2008இல என்விடியா தன் மடிக்கணினிச் சிப்புகளின் பொதியில இருந்த பலவீனத்துக்காக 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்க வேண்டி வந்த காலத்தில பரவின வைத்தியம் அது. சிலதுக்கு உயிர் வந்தது, சில கிழமைக்கு. சோறு சமைக்கிற இடத்தில ஈயமும் பிளாஸ்ரிக்கும் வேகிற புகையைப் பற்றி அந்த வீடியோக்கள் கதைக்கிறதில்லை.

மைனிங் கார்ட் எண்டு சொல்லிப் பயப்படுத்துறதையும் நாங்கள் முழுக்க நம்பேல்லை. 2022 செப்ரெம்பர் 15இல எதேரியம் கார்ட் வைச்சுத் தோண்டுற முறையை விட்டபிறகு உலகம் முழுக்க அந்தக் கார்டுகள் மலிஞ்சுது, அதே வருசம் எங்கட ரூபா டொலருக்கு 200இல இருந்து 360க்குப் போனதால புதுசு கைக்கு எட்டாமல் போச்சு. இங்க மாணவர் கையில இருக்கிற பழைய கார்டுகளில கொஞ்சமாவது அந்த வழியால வந்தது. இரவு பகலா ஓடின கார்டில முதலில் தேய்வது ஃபானும் பேஸ்டும் பாடும். மூண்டும் மாத்தக்கூடிய சாமான். விக்கிறவர் அதை மறைக்கிறதுதான் பிழை.

கடைக்காரரின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. பாத்துச் சொல்ல ஆரும் காசு குடுக்கிறதில்லை. ஒரு மணித்தியாலம் மினக்கெட்டுப் புழுதி தட்டி ஐந்நூறு ரூபா கேட்டால் நாங்களே முகம் சுழிப்பம், ஆனால் புதுக் கார்டுக்குப் பேரம் பேசாமல் குடுப்பம். அதனால அவருக்கு உழைப்பு வாறது விற்பனையில மட்டும். இதை மாத்த வேணும் எண்டால் சோதனைக்கு ஒரு கட்டணம் வைக்கட்டும். நாங்கள் குடுக்கத் தயார். ஆனால் அந்தக் காசுக்கு இலக்கம் வேணும். பெரிய நிறுவனங்களே இலக்கம் காட்டினால்தான் இறங்கி வருவினம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் வந்த புதுசில, ஹொட் ஸ்பொட் 110 பாகையைத் தொட்ட கார்டுகளைப் பாவனையாளர்கள் அளந்து காட்டினார்கள். ஜேர்மனியின் ரோமன் ஹார்டுங் கார்டைப் படுக்க வைச்சும் நிமித்தி வைச்சும் சோதிச்சு, குளிர்விப்பானின் ஆவி அறையிலதான் சந்தேகம் எண்டு காட்டினார். 2023 ஜனவரியில நிறுவனம் சில கார்டுகளின் ஆவி அறைக்குள்ள போதிய தண்ணி இல்லை எண்டு ஒப்புக்கொண்டது.

நாங்கள் கேக்கிறது அதை விடச் சின்ன விசயம். "கார்ட் பழுது" எண்டு பில்லில எழுத முதல், எத்தனை பாகையில, என்ன வேகத்தில, ஃபான் எவ்வளவு சுத்தேக்க பழுது எண்டு அதே பில்லில எழுதித் தாங்கோ. அடுத்தமுறை கடைக்குப் போறவை இதைக் கேளுங்கோ. எங்கட நாலு இலக்கத்தையும் எழுதின கொப்பித் தாள் மெசினின் பக்கத்திலதான் ஒட்டியிருக்கு. அடுத்த காண்டாவனத்துக்கு அதின் கீழ இன்னொரு வரி எழுதுவம்.